மருத்துவப் படிப்புக்குப் பரிந்துரை: பெரிய டாக்டரா, உயிரியல் மிஸ்ஸா?

கேள்வி: மொரீஷியஸின் கத்ர் போர்னிலிருந்து ஒரு தாயார், 2 ஜூன் 2025

மகள் இந்த ஆண்டு எச்எஸ்சி எழுதுகிறாள். இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். அமெரிக்காவும் பேச்சில் அடிபடுகிறது. பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்று வீட்டில் தினமும் சண்டை. என் கணவரின் சித்தப்பா பெரிய மருத்துவமனையில் தலைமை நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்துக்குத் தனி எடை உண்டு என்கிறார் கணவர். மகளோ உயிரியல் மிஸ்ஸிடம்தான் கேட்பேன் என்கிறாள். அந்த மிஸ்ஸுக்கு 30 வயதுகூட ஆகியிருக்காது. எதை நம்புவது?

2 ஜூன், இரவு

மிஸ்ஸிடம் கேளுங்கள்.

3 ஜூன்

நேற்றைய இரண்டு சொல் பதிலுக்கு மூன்று பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்று ஒருவர். நான் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைகளுக்காக ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பரிந்துரை எழுதித் தள்ளியவள். அந்த உரிமையில் சொல்கிறேன், மரியாதைக்குக் குறைவில்லை.

முதலில் விதி. இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பரிந்துரை ஒன்றே ஒன்றுதான். பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதைப் பள்ளியே எழுதி இணைக்கும். குடும்பத்தினரும் நண்பர்களும் எழுதக் கூடாது என்று யூகாஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. சித்தப்பா எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் சித்தப்பாதான். உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிட்டது.

மீதிப் பாதி அமெரிக்கா. எச்எஸ்சி முடித்த கையோடு அங்கே வழக்கமான மருத்துவக் கல்லூரியில் நுழைய முடியாது. இளங்கலைப் படிப்பு, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, அதற்குப் பிறகுதான் மருத்துவம். இப்போது வாங்குகிற கடிதம் இளங்கலைக் கல்லூரிக்குத்தான் உதவும். மருத்துவத்துக்காக எழுதப்போகிறவரை உங்கள் மகள் இன்னும் சந்திக்கவே இல்லை.

5 ஜூன்

"அவர் எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள்" என்கிறார் ஒரு வாசகர். எங்கே மறுக்க மாட்டார்கள்? போர்ட் லூயியிலா, கிளாஸ்கோவிலா?

நம் தீவு சின்னது. ரோஸ் ஹில்லில் தும்மினால் மாஎபூரிலிருந்து "உடம்புக்கு என்ன?" என்று போன் வரும். யாருடைய பேத்தி, எந்தக் கோயில், அப்பாவுக்கு எந்த அமைச்சகத்தில் வேலை என்று தெரிந்துவிட்டால் ஆளையே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பரிந்துரைக்கும் அதே கணக்கைப் போடுகிறோம்: குடும்பத்தைத் தெரிந்தவரிடம் போய் நிற்கிறோம். அவருக்குத் தெரிந்தவர் தாத்தா. கடிதத்திலும் தாத்தாதான் வருவார்.

மிகைப்படுத்தவில்லை. அப்படி ஒரு கடிதம் என் கைக்கே வந்தது, பள்ளிக் கோப்பில் சேர்க்கச் சொல்லி. முதல் பத்தியில் எழுதியவரின் பதவிகள். இரண்டாம் பத்தியில் பையனின் தந்தை எவ்வளவு நாணயமானவர், அவரை எத்தனை காலமாகத் தெரியும் என்பது. மூன்றாம் பத்தியில் அம்மா செய்யும் சமூக சேவை. கடைசி வரியில் பையன் வந்தான்: "மகனும் அவ்வாறே." மொத்தக் கடிதத்திலும் அவனுக்குக் கிடைத்தது அந்த இரண்டு சொற்கள்தான். பளபளவென்று லாமினேட் வேறு செய்திருந்தார்கள்.

இன்னொன்று: நன்னடத்தைச் சான்றிதழையும் பரிந்துரையையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது அரசு வழக்குத் தொடர்வு இயக்குநர் அலுவலகம் தருவது, உங்கள் மேல் குற்றத் தீர்ப்பு இருக்கிறதா என்று சொல்வது. மருத்துவராகும் தகுதியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது.

9 ஜூன்

கடிதத்தில் என்னதான் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

லோயர் சிக்ஸ் செய்முறை வகுப்பு. இப்போது 12ஆம் கிரேடு என்கிறார்கள், என் வாய்க்கு அது வருவதில்லை. பெனடிக்ட் சோதனை நடக்கிறது. சர்க்கரைக் கரைசலில் நீல நிறக் கரைசலைச் சேர்த்து, வெந்நீர்க் குளியலில் வைத்துச் சூடாக்க வேண்டும். குளுக்கோஸ் இருந்தால் செங்கல் சிவப்பாக மாறும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு குப்பி. எல்லா மேசையிலும் சிவப்பு வந்துவிட்டது. ஒரு பையனுடைய குழாய் மட்டும் நீலமாகவே நின்றது. பக்கத்து மேசைக்காரன் மெதுவாக, "சிவப்பு என்று எழுதிவிடு, மிஸ் எங்கே பார்க்கப்போகிறார்" என்றான். மிஸ்ஸின் காதில் தெளிவாக விழுந்தது.

பையன் நீலம் என்றே எழுதினான். எழுதிவிட்டு என்னிடம் வந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. புதிதாகக் கொஞ்சம் கரைசல் எடுத்து, அமிலம் விட்டுச் சூடாக்கினான். ஆறவிட்டு சோடியம் பைகார்பனேட் போட்டான். நுரை அடங்கும்வரை காத்திருந்தான். மறுபடி பெனடிக்ட் சேர்த்து வெந்நீரில் வைத்தான். இந்த முறை சிவந்தது. குளுக்கோஸ் என்று சீட்டு ஒட்டிய குப்பியில் இருந்தது சுக்ரோஸ்! அமிலத்தில் கொதித்தால்தான் அது உடைந்து பெனடிக்டுக்குப் பிடி கொடுக்கும். ஆய்வக உதவியாளர் அந்த ஒரு குப்பியில் மட்டும் சீட்டை மாற்றி ஒட்டியிருந்தார்.

வகுப்பில் அவன் முதல் ஐந்து பேரில்கூட இல்லை. அவனுடைய பரிந்துரையில் நான் எழுதியது இந்த ஒரு மணி நேரத்தைத்தான், ஏழெட்டு வரிகளில். "நேர்மையானவர், கடின உழைப்பாளி, பொறுப்பானவர்" என்ற வழக்கமான மூன்றையும் எழுதவில்லை. வாசிக்கிறவருக்கு அவை தாமாகத் தெரியும். அவன் இப்போது டாக்டர். கடிதத்தால்தான் என்று பெருமையடிக்க மாட்டேன். அப்பர் சிக்ஸில் முட்டி மோதி மதிப்பெண்ணும் எடுத்தான்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி, கடிதம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அது சொல்வதும் இதையேதான். மாணவரை எவ்வளவு காலமாக, எந்த முறையில் தெரியும்? எழுதுவது நேரில் கண்டதா, பிறர் சொல்லிக் கேட்டதா? உங்கள் பாடத்தையும் ஆய்வகத்தையும் விவரித்துக்கொண்டிருக்காமல் மாணவரைப் பற்றி எழுதுங்கள். பிறரோடு ஒப்பிட்டால் யாரோடு என்று சொல்லுங்கள். நீளம் பெரிதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வக்காலத்து வாங்காமல் மதிப்பிடுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கடைசி விஷயம்தான் வரவே வராது.

10 ஜூன்

அந்த ஆய்வக உதவியாளர் யார் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்று நிம்மதியாகக் கோழி வளர்க்கிறார்.

14 ஜூன்

எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஓர் உறுத்தல். பெனடிக்ட் கதையைப் படித்துவிட்டு, இங்கிலாந்துக்கும் இப்படிக் கதை எழுதினால்தான் இடம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பையன் விண்ணப்பித்த காலத்தில் பரிந்துரை என்பது ஒரே நீளமான கட்டுரை. 2024 சேர்க்கை முதல் யூகாஸ் அதை மூன்று பகுதியாகப் பிரித்துவிட்டது. முதல் பகுதி பள்ளியைப் பற்றிய பொதுத் தகவல். இரண்டாவது, மாணவரின் படிப்பைப் பாதித்த நோய், மரணம் போன்ற சூழ்நிலைகள். மூன்றாவது, அந்த மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகம் அறிந்திருக்க வேண்டிய மற்றவை. அதோடு எதிர்பார்க்கும் கிரேடுகளையும் பள்ளி குறிப்பிட வேண்டும்.

மருத்துவத் துறைகள் பல இந்தப் பரிந்துரைக்கு மதிப்பெண்ணே போடுவதில்லை. யூகேட் என்ற நுழைவுத் தேர்வு, கிரேடு, நேர்காணல் ஆகியவற்றை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். பரிந்துரையில் ஏதாவது முரண்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஆகவே இங்கிலாந்துக்காக உறக்கம் கெட வேண்டாம். பள்ளி சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

எது சொல்ல வேண்டியது? நமக்கு எச்எஸ்சி அக்டோபர், நவம்பரில். முடிவு அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குத் தேர்வு மே, ஜூனில். இந்த வேறுபாட்டை அங்குள்ள அலுவலர் தாமாக ஊகித்துக்கொள்வார் என்று விடக் கூடாது. முதல் பகுதியில் இரண்டு வரி போதும். அதேபோல் சூறாவளி. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். அந்த வெள்ளத்தில் வீடும் புத்தகமும் போன பிள்ளை ஒருவர் இருந்தால் அது இரண்டாம் பகுதிக்குரியது. பிள்ளையின் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். சம்மதம் கேட்காமல் வீட்டுத் துக்கத்தை எழுதுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள், பரிவோடுதான் எழுதுகிறார்கள், ஆனாலும் தவறு.

சரி, அப்படியானால் "மிஸ்ஸிடம் கேளுங்கள்" என்றது எதற்கு? பரிந்துரை பள்ளித் தலைவரான ரெக்டர் பெயரில் போனாலும், ரெக்டருக்கு உங்கள் மகளின் முகம்கூட நினைவிருக்காது. பாட ஆசிரியர்கள் எழுதித் தருகிற குறிப்பிலிருந்துதான் அலுவலகம் மூன்றாம் பகுதியை நிரப்பும். கிரேடு கணிப்பும் அவர்களிடமிருந்தே வரும். கையெழுத்து யாருடையது என்பதைவிட அந்தத் துண்டுச் சீட்டை எழுதுகிறவர் யார் என்பதே கேள்வி.

18 ஜூன்

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து என் ஒன்றுவிட்ட அக்கா இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிக்கிறார். அவர்களுக்கு பார்க்கூர்சுப் என்ற பிரெஞ்சுச் சேர்க்கைத் தளம். ஆசிரியர்களும் தலைமையாசிரியரும் "ஃபிஷ் அவெனிர்" என்ற படிவத்தில் கருத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். யாரை எழுதச் சொல்லலாம் என்று பிள்ளை யோசிக்க வழியே இல்லை. பிறகு பாஸ் அல்லது லாஸ் என்ற மருத்துவ நுழைவுப் பாதை வழியாக முதலாம் ஆண்டு, அங்கே சல்லடை. "எங்களை உள்ளே விட்டுவிட்டு நசுக்குவார்கள், உங்களை வாசலிலேயே நசுக்குகிறார்கள்" என்றார். 200 கிலோமீட்டர்கூடக் கடல் இல்லை நடுவில்.

27 ஜூன்

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி கடைசியில் வந்துவிட்டது: டியூஷன் சார் எழுதலாமா?

பள்ளியில் 35 பேரில் ஒருத்தி. டியூஷனில் பத்து பேரில் ஒருத்தி, அதுவும் மூன்று ஆண்டுகளாக, சனிக்கிழமை காலை விடாமல். எந்த இடத்தில் அவள் திணறுவாள், எதைப் புரியாமலே தலையாட்டுவாள் என்பது அந்த சாருக்கு அத்துப்படி. நான் இதுவரை சொன்னபடி பார்த்தால் அவர்தான் எழுத வேண்டும், இல்லையா?

இதில் எனக்கே தெளிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அவர் பார்த்திருக்கிறார், உண்மை. எதைப் பார்த்திருக்கிறார்? பழைய வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதை. ஒரு குழுவில் மற்றவர்களோடு எப்படி நடந்துகொள்கிறாள், சோதனை தவறினால் என்ன செய்கிறாள், தன்னைவிட மெதுவாகப் படிக்கிறவளிடம் எரிந்து விழுகிறாளா என்பதை அந்தக் கூடத்தில் பார்க்க வாய்ப்பில்லை. அதோடு மாதாமாதம் பணம் வாங்குகிறார். வெளிநாட்டில் வாசிக்கிறவருக்கு அந்த ஒன்றே போதும், கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார். பணத்தை மறைத்து "வழிகாட்டி" என்று எழுதினால் இன்னும் மோசம்.

பள்ளி ஆசிரியரே மாலையில் டியூஷன் சாராகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். அப்படியானால் அவர் பள்ளி ஆசிரியராக, பள்ளியில் கண்டதை எழுதட்டும். டியூஷன் சார் வேறு ஆள் என்றால் அவரைக் கடிதத்துக்கு விட்டுவிடுங்கள். உயிரியல் மிஸ்ஸிடம் என்ன நினைவூட்டலாம் என்று அவரிடம் யோசனை கேளுங்கள். "அந்த உப்பு, நீர் கணக்கை மற்றவர்களுக்கு அவள்தான் விளக்கினாள்" என்பதுபோல் ஏதாவது சொல்வார். அப்பா அம்மாவுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

12 ஜூலை

அமெரிக்கா பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் அங்கே படித்தவள் அல்ல. என் தம்பி மகள் அங்கே ஒரு கல்லூரியில் உயிரியல் முடித்து மருத்துவத்துக்கு விண்ணப்பித்தாள். இரவு நேரங்களில் வாட்ஸ்அப்பில் நானும் அந்தப் பாட்டைப் பட்டேன்.

அங்கே ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம். பத்து கடிதங்கள் வரை சேர்க்க இடம் உண்டு. இடம் இருக்கிறதே என்று நிரப்பக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு எத்தனை வேண்டும், யாரிடமிருந்து வேண்டும் என்று தனியாகச் சொல்லும். அடிக்கடி காண்கிற வாய்பாடு: அறிவியல் பேராசிரியர் இருவர், அறிவியல் அல்லாத பாடத்தில் ஒருவர். படித்த கல்லூரியில் மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கென்று குழு இருந்தால், அந்தக் குழுவே ஒரு கடிதம் எழுதும். குழு இருந்தும் அதைத் தவிர்த்தால் ஏன் என்று கேட்பார்கள். வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் அங்கே குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடிதத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

அவளுக்கு வந்த சிக்கல் இது. கரிம வேதியியலில் ஏ வாங்கினாள். வகுப்பில் ஏறக்குறைய 200 பேர், பேராசிரியருக்கு அவள் ஒரு வரிசை எண். இயற்பியலில் பி பிளஸ். ஆனால் வாரம் தவறாமல் அந்தப் பேராசிரியரின் அறைக்குப் போய்க் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தவள். என் தம்பி குதித்தான். "ஏ கொடுத்தவரை விட்டுவிட்டு பி கொடுத்தவரிடமா போய்க் கேட்பாய்?" அவள் இயற்பியலாரிடம்தான் போனாள். ஏ என்பது மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் திருப்பிச் சொல்ல ஒரு கடிதம் எதற்கு என்பது அவள் வாதம். பி பிளஸ் எப்படி வந்தது, எங்கிருந்து தொடங்கி அங்கே வந்தாள் என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும்.

டாக்டரிடம் ஒரு கடிதம் வேண்டாமா என்பதும் பேச்சாயிற்று. விடுமுறைக்கு இங்கே வந்தபோது ஒரு மருத்துவமனையில் டாக்டர் ஒருவரின் பின்னால் நின்று சில நாள் பார்த்தாள். நல்ல மனிதர், கேட்டவுடன் கடிதமும் கொடுத்தார். நேரத்துக்கு வந்தாள், அமைதியாக நின்றாள், ஆர்வத்தோடு கவனித்தாள் என்று இருந்தது. பாவம், அவர் வேறு எதைப் பார்த்தார்? நிற்பதைத்தான் பார்த்தார். அதை அவள் சேர்க்கவில்லை. அங்கே கிடைத்த அனுபவத்தைத் தன் கட்டுரையில் தானே எழுதிக்கொண்டாள்.

13 ஜூலை

கடிதத்தை நாம் படித்துப் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு: அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவர்களுக்குத் தங்கள் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை தருகிறது. பரிந்துரையைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று மாணவர் எழுதித் தரலாம். பெரும்பாலோர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள், மாணவர் கண்ணில் படாத கடிதத்துக்குத்தான் நம்பிக்கை அதிகம். உறையை ஒட்டாமல் அப்பாவிடம் கொடுத்து, அப்பா அதை மாமாவிடம் காட்டி, மாமா "இன்னும் கொஞ்சம் தூக்கி எழுதச் சொல்" என்று திருப்பி அனுப்புகிற நம் வழக்கம் அங்கே செல்லாது.

2 ஆகஸ்ட்

"நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

இதை யாரும் உங்களிடம் சொன்னதில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரிய பதவிக்காரர்களிடம் போனால் பத்துக்கு ஏழு தடவை இதுதான் கிடைக்கும். கெட்ட எண்ணம் இல்லை, நேரம் இல்லை. ஆனால் 18 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதினால் எப்படி இருக்கும்? கூச்சத்தில் பொதுவாக எழுதும், அல்லது கூச்சம் விட்டு அளவு மீறும். விண்ணப்பக் கட்டுரையும் பரிந்துரையும் ஒரே நடையில், ஒரே சொற்களில் வந்து நிற்கும். வாசிக்கிறவர் ஒரே நாளில் நூறு விண்ணப்பம் பார்க்கிறவர், மூக்கில் வாசனை பட்டுவிடும். முதலில் அது அந்த ஆளின் கடிதமே அல்ல என்பது வேறு விஷயம்.

அப்படிச் சொல்கிறவரிடம், "வரைவு வேண்டாம் சார், குறிப்புகள் தருகிறேன்" என்று சொல்லலாம். ஒரு பக்கம் போதும். எந்த ஆண்டில் எந்த வகுப்பு, அவர் முன்னால் செய்த இரண்டு மூன்று வேலைகள், எங்கே விண்ணப்பம், கடைசித் தேதி. அதற்கும் நேரமில்லை என்றால் அவர் ஆள் இல்லை.

இங்கே சித்தப்பாவுக்கு ஒரு வேலை சொல்லிவிடுகிறேன், பாவம், எல்லாரும் அவரை ஒதுக்கிவிட்டோம். இங்கிலாந்து மருத்துவ நேர்காணலில் பெரும்பாலும் பல நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறு கேள்வி. ஒரு நோயாளியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வாய், சக மாணவன் குடித்துவிட்டு வார்டுக்கு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். ஆயுள் முழுக்க வார்டில் நடந்தவரை எதிரே உட்கார வைத்துப் பயிற்சி எடுக்க எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், சாப்பாடு முடிந்ததும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

9 ஆகஸ்ட்

கோயில் நிர்வாகத் தலைவரின் கடிதம் பயன்படுமா என்று ஒருவர். தொடர்ந்து காவடி எடுத்ததற்குச் சான்று தருகிறாராம். விரதமும், செருப்பில்லாமல் வெயிலில் நடப்பதும், மன உறுதிக்கு அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைவர் அன்றைக்கு மேடையில் இருக்கிறார், அமைச்சருக்கு மாலை போடுகிறார். பிள்ளையை அவர் பார்த்தது புகைப்படத்தில்.

பார்த்தவர் வேறு இடத்தில் இருக்கிறார்: சமையல்கட்டில். எங்கள் கோயிலில் அன்னதானத்தை நடத்துகிற அம்மா ஒருவர் இருக்கிறார். ஆயிரம் பேருக்கு வாழையிலையில் ஏழு கறி. யார் விடியற்காலையில் வந்து பூசணி நறுக்கினார்கள், யார் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், யார் எல்லாரும் போன பிறகு அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்தார்கள் என்று அவரைக் கேளுங்கள், பெயர் பெயராகச் சொல்வார். வரிசையில் முன்னால் நுழைந்த பிரமுகரைப் பின்னால் போகச் சொன்ன பெண் யார் என்பதும் தெரியும். அவர் அதற்காக அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி பாயசம் வைத்தார். அமெரிக்க இளங்கலைக் கல்லூரிகள் சில, ஆசிரியர் அல்லாத ஒருவரின் கடிதத்தையும் ஏற்கும். அங்கே இவர் கடிதம் தலைவருடையதைவிடப் பத்து மடங்கு பெறும்.

அவருக்குப் பேச்சு கிரியோல்தான், ஆங்கிலத்தில் எழுத வராது. அதில் தவறொன்றும் இல்லை. அவர் சொல்வதை வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதி, எழுதியவர் இன்னார் என்று கீழே குறிப்பிட்டு, அவர் கையெழுத்திடலாம். எழுதுகிறவர் பிள்ளையின் பெற்றோராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

10 ஆகஸ்ட்

ஏழு கறியில் கத்தரிக்காய் உண்டா இல்லையா என்ற விவாதத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

6 செப்டம்பர்

எப்படிக் கேட்பது என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

தனியாகப் போய்க் கேட்க வேண்டும், பிள்ளைதான் கேட்க வேண்டும். அம்மா பேக்கரிப் பெட்டியோடு ஆசிரியர் அறை வாசலில் நிற்கக் கூடாது. மறுக்க வழிவிட்டுக் கேட்க வேண்டும்: "என்னைப் பற்றி விவரமாக எழுதும் அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா, மிஸ்? இல்லையென்றாலும் பரவாயில்லை." நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. தயங்குகிறார், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், இரண்டாம் முறை போனால் அதே பேச்சு என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். அரைமனதோடு எழுதிய கடிதம், கடிதம் இல்லாததைவிட ஆபத்து. என்னிடமும் சில பிள்ளைகள் கேட்டபோது, "எனக்கு உன்னை அவ்வளவு தெரியாதே, வேதியியல் மிஸ்ஸிடம் போ" என்று அனுப்பியிருக்கிறேன். முகம் வாடிப் போனார்கள், அடுத்த வாரம் சரியாகிவிட்டார்கள்.

செப்டம்பரில் கேட்பது ஏற்கெனவே தாமதம். செய்முறைத் தேர்வு ஏற்பாடு ஒரு பக்கம், மாதிரித் தேர்வு விடைத்தாள் ஒரு பக்கம். ஜூலையில் கேட்டவளுக்குக் கிடைக்கும் கவனம் இப்போது கேட்பவளுக்குக் கிடைக்காது, மிஸ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

13 அக்டோபர்

இன்னும் அனுப்பாதவர்கள் கவனத்துக்கு. மருத்துவத்துக்கு யூகாஸ் கடைசி நேரம் 15 அக்டோபர், இங்கிலாந்து நேரம் மாலை 6 மணி. நமக்கு இரவு 9. மருத்துவத்துக்கு நான்கு இடங்களுக்கு மேல் போட முடியாது. பிள்ளை தன் பகுதியை முடித்துப் பணம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பள்ளி பரிந்துரையைச் சேர்த்து அனுப்பினால்தான் விண்ணப்பம் நகரும். இரவு 9 மணிவரை நேரம் இருக்கிறது என்றால் ரெக்டர் அலுவலகத்தில் 9 மணிவரை ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. பிற்பகலில் பூட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். நாளையே நேரில் போய்ப் பாருங்கள், போன் செய்யாதீர்கள்.

18 அக்டோபர்

அனுப்பிய பிறகு பரிந்துரையில் ஒரு விவரம் விட்டுப்போனது தெரிந்தால் என்ன செய்வது என்று க்யூர்பிப்பிலிருந்து ஒருவர். அனுப்பிய பரிந்துரையைப் பிள்ளையால் திருத்த முடியாது. முக்கியமான விவரம் என்றால் பள்ளியே நேரடியாகப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதலாம். விட்டுப்போனது விவாத மேடையில் வாங்கிய இரண்டாம் பரிசு என்றால் விட்டுவிடுங்கள்.

மிஸ்ஸுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று இன்னொருவர். முடிவு வரும்வரை ஒன்றும் வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும். முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பிள்ளை நேரில் போய்ச் சொல்லட்டும். எனக்கு ஒரு வீட்டில் பிளெண்டர் கொடுத்தார்கள். பையனுக்கு எந்த ஊரில் இடம் கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.